ஜப்பானில் கேம் ஆடுபவர் எங்கே அடக்கி வாசிக்க வேண்டும்: வேலைக்கும் படிப்புக்கும் செல்பவர்களுக்கு ஒரு கையேடு

மாரியோவும் போகிமானும் ஆடி வளர்ந்து, வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒரு நம்பிக்கையைத் தவறாமல் பார்க்கலாம். வீடியோ கேமுக்குத் தாய்வீடு அந்த நாடு, அங்கே கேம் ஆடுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், 'என் பொழுதுபோக்கு கேம்' என்று சொன்ன மாத்திரத்தில் நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், புதியவர்களுக்கு வைக்கும் வரவேற்பு விருந்தில், சனி ஞாயிறுகளில் நாளுக்குப் பத்து மணி நேரம் கேம் ஆடுவேன் என்று தட்டுத்தடுமாறிய ஜப்பானிய மொழியில் பெருமையாக அறிமுகம் செய்துகொண்டேன். 'ஹே, சுகோய் தேசு நே' (அடேயப்பா, அசத்தல்தான்) என்று இரண்டு பேர் சொன்னார்கள்; உடனே பேச்சு சாப்பாட்டுக்குத் தாவிவிட்டது. எதிரே அமர்ந்திருந்த பிரிவுத் தலைவர் தன் பொழுதுபோக்கு நடைப்பயிற்சி என்றார். அவர் பள்ளிக் காலத்திலிருந்து டிராகன் குவெஸ்ட் வரிசையை விடாமல் ஆடி வருபவர் என்பது ஏழு மாதங்கள் கழித்துத்தான், அதுவும் கடைசி ரயிலுக்குக் காத்திருந்த ஒரு நடைமேடையில்தான் எனக்குத் தெரியவந்தது. 'கேம் என்று சொன்னதில் ஒன்றுமில்லை; பத்து மணி நேரம் என்றீர்களே, அதைக் கேட்டுத்தான் எல்லோரும் மிரண்டுபோனார்கள்' என்று சிரித்தார்.

அந்த ஏழு மாதங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரவே இதை எழுதுகிறேன். கேம் ஆடுவது அங்கே மிகச் சாதாரணம். ஆனால் எவ்வளவு ஆடுகிறார், அதனால் அவருடைய வேலையோ பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமோ கெடுகிறதா என்பதை வைத்துத்தான் ஆடுபவரை எடைபோடுவார்கள். அந்த எடைபோடலை யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள்.

முதலில் எதிரில் இருப்பவரின் வயதைப் பாருங்கள்

ஒரு ஜப்பானியர் கேமைப் பற்றி என்ன நினைப்பார் என்பதை ஊகிக்க அவர் பிறந்த ஆண்டு ஓரளவு உதவும். அறுபதைக் கடந்தவர்களுக்கு, 1978-ல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேம்தான் தொடக்கம். காபிக் கடை மேசைக்குள்ளேயே திரையைப் பதித்து, கோட்டும் டையுமாக வந்த அலுவலக ஊழியர்கள் 100 யென் நாணயங்களைப் பக்கத்தில் அடுக்கிவைத்துக்கொண்டு குனிந்து ஆடிய காலம் அது. அதையொட்டிப் பெருகிய கேம் சென்டர்கள், அதாவது காசு போட்டு ஆடும் கருவிகள் நிறைந்த கூடங்கள், இருட்டாகவும் சிகரெட் புகை மண்டியும் இருந்தன. பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளும் போக்கிரிகளும் கூடும் இடம் என்று பெயர் வாங்கின. கேளிக்கை விடுதிகளையும் பச்சின்கோ எனும் குண்டு ஆட்ட இயந்திரக் கூடங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டு, 1985 பிப்ரவரியிலிருந்து கேம் சென்டர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே, வயதான வீட்டுக்காரரிடமோ முதிய பேராசிரியரிடமோ 'கேம் சென்டருக்குப் போகிறேன்' என்று சொன்னால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் பளபளப்பான ஐந்து மாடிக் கட்டடம் அவர் கண்ணில் தெரியாது.

ஐம்பதையொட்டி இருப்பவர்கள், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஃபேமிகான் என்ற கருவியோடு வளர்ந்த ஃபேமிகான் பிள்ளைகள். நின்டெண்டோ அந்தக் கருவியை 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காபிக் கடையிலிருந்த கேம் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு வந்தது. கூடவே தாய்க்கும் பிள்ளைக்கும் சண்டையும் வந்தது. நிறுத்தச் சொல்லிக் கேட்காத பிள்ளையின் மின் அடாப்டரை மட்டும் அம்மா கழற்றி எங்காவது ஒளித்துவைத்துவிடுவார். கருவி தொலைக்காட்சிக்குக் கீழே அப்படியே இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. 'உங்கள் அம்மா அடாப்டரை எங்கே ஒளித்துவைப்பார்?' என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு இறுக்கமான மேலாளரும் பத்து நிமிடம் பேசுவார். அதே காலத்தில் ஹட்சன் நிறுவனத்தின் விளம்பர முகமாக இருந்த தகாஹாஷி மெய்ஜின், விநாடிக்கு 16 முறை பொத்தானை அழுத்தும் வேகத்துக்காகப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதர், 1985-ல் ஒரு நிகழ்ச்சியில் 'கேம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்' என்று அறிவுரை சொன்னார். கேம் விற்கும் நிறுவனத்தின் ஆளே சொன்னதால் பெற்றோருக்கு அது வேதவாக்காகிவிட்டது; இன்றும் அந்த வாசகத்தை அறியாத ஃபேமிகான் பிள்ளையைப் பார்ப்பது அரிது.

டிராகன் குவெஸ்ட் III வெளியான 1988 பிப்ரவரி 10 ஒரு புதன்கிழமை. வகுப்பில் இருக்க வேண்டிய மாணவர்கள் கடை வாசல் வரிசைகளில் நின்றார்கள், காவல்துறையினர் அவர்களைப் பிடித்து எச்சரித்தார்கள், வாங்கியவர்களிடமிருந்து கேமைப் பறித்துக்கொண்டு ஓடிய சம்பவங்களும் நடந்தன. அதன் அடுத்த பாகம் விடுமுறை நாளில்தான் வந்தது. வேலை நாளில் டிராகன் குவெஸ்டை வெளியிடச் சட்டமே தடை போட்டிருக்கிறது என்று இணையத்தில் உலவும் கதையை விருந்தில் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்; அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இந்த வயதினரின் மனதில் இன்னொரு தழும்பும் உண்டு. 1989-ல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டபோது, அவன் அறையில் குவிந்து கிடந்த வீடியோ நாடாக்களைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் காட்டின. கேம், அனிமே போன்றவற்றில் மூழ்கிக் கிடப்பவரைக் குறிக்கும் 'ஒடாகு' என்ற சொல் அதற்குப் பின் பல ஆண்டுகள் வசைச்சொல்லாகவே கிடந்தது. 2002-ல், கேம் ஆடினால் மூளை கெடும் என்று 'கேம் மூளை' பயத்தைக் கிளப்பிய புத்தகம் ஒன்று வந்தது. அதன் வாதங்களை மூளை ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள் என்றாலும் அந்தச் சொல் பெற்றோரின் நாவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மூன்றே ஆண்டுகளில், தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் கவாஷிமா ரியூதாவின் மேற்பார்வையில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு மூளைப் பயிற்சி கேம் வந்தபோது, மூளை கெடும் என்று அஞ்சிய தலைமுறையே மூளைக்கு நல்லது என்று அதை வாங்கிக் குவித்தது.

முப்பதுகளில் இருப்பவர்களிடம் இத்தனை தயக்கம் இருக்காது. 1996-ல் போகிமான் வந்த பிறகு, கேம் பாய் என்ற கையடக்கக் கருவிகள் இரண்டைக் கம்பியால் இணைத்து மிருகங்களைப் பரிமாறிக்கொண்டும், பின்னர் குடும்ப உணவகத்தில் நான்கு பேர் கூடி மான்ஸ்டர் ஹன்டர் என்ற கேமில் வேட்டைக்குப் போயும் வளர்ந்தவர்கள் இவர்கள். 2009-ல் டிராகன் குவெஸ்ட் IX வெளியானபோது, பையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கடந்துபோகும்போதே தரவைப் பரிமாறிக்கொள்ளும் வசதிக்காக, டோக்கியோவின் அகிஹாபாராவிலுள்ள யோதோபாஷி மின்னணுக் கடை வாசலில் முன்பின் தெரியாதவர்கள் பேசாமல் கூட்டமாக நின்றார்கள். பேசாமல் சேர்ந்திருக்கும் அந்தச் சுகத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் தலைமுறையோடு எளிதாகப் பழகலாம்.

அரசின் முகமும் ஒன்றல்ல. 2016-ல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரதமர் ஷின்ஸோ அபே மாரியோ வேடத்தில் தோன்றினார்; 2021-ல் டோக்கியோ தொடக்க விழா அணிவகுப்பில் கேம் இசை முழங்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே, 2020 ஏப்ரல் 1 முதல், ககாவா மாகாணத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பள்ளி நாளில் 60 நிமிடங்கள், விடுமுறையில் 90 நிமிடங்கள்தான் கேம் ஆடலாம் என்று வீடுகளுக்கு அளவு வகுத்த ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. பள்ளி மாணவர் ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2022-ல் தகாமாட்சு மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரே நாடு உலகத்தின் முன் மாரியோ தொப்பி போட்டுக்கொண்டதும், வீட்டுக்குள் கடிகாரத்தைக் காட்டியதும் முரண்பாடு என்று நமக்குத் தோன்றும். தகாஹாஷி மெய்ஜினைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டும் இயல்பாகவே பொருந்துகின்றன.

'ஷுமி' என்னவென்று கேட்டால்

பொழுதுபோக்கைக் குறிக்கும் ஷுமி என்ற சொல்லை அங்கே அடிக்கடி கேட்பீர்கள். விருந்திலும், முடிதிருத்தகத்திலும், பெண் பார்க்கும் இடத்திலும், ரிரெகிஷோ எனப்படும் விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வி வரும். 'கேம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள், நேரக் கணக்கும் சொல்லாதீர்கள். 'தொகிதொகி கேமு ஓ யாரிமசு', அதாவது அவ்வப்போது கேம் ஆடுவதுண்டு என்று சொல்லி, பக்கத்தில் இன்னொரு பொழுதுபோக்கையும் வையுங்கள். சமையலோ மலையேற்றமோ, உண்மையில் செய்வதாக மட்டும் இருந்தால் சரி. பிறகு திருப்பிக் கேட்கும்போது, 'நீங்கள் கேம் ஆடுவீர்களா?' என்று கேட்பதைவிட, 'சிறு வயதில் என்ன கேம் ஆடினீர்கள்?' என்று கேட்பது பலமடங்கு பலன் தரும். முதல் கேள்வி இன்றைய பழக்கத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு நினைவு மட்டும் போதும். நாற்பத்தைந்து வயது மனிதர் 'ஈ தோஷி ஷிதே', நம் வீடுகளில் சொல்வதுபோல 'இந்த வயசுக்கு மேல இது தேவையா', என்ற பேச்சுக்கு அஞ்சுகிறவர். கடந்த காலத்தைக் கேட்டால் அவரே மெல்ல மெல்ல நிகழ்காலத்துக்கு வந்து சேர்வார்.

விண்ணப்பப் படிவத்தின் பொழுதுபோக்குக் கட்டத்தில், கேம் நிறுவனத்துக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ விண்ணப்பித்தால், என்ன வகை, எத்தனை ஆண்டுகள், குழுவாக ஆடியதில் உங்கள் பங்கு என்ன என்று இரண்டு வரியில் எழுதலாம். வங்கியோ தொழிற்சாலையோ என்றால் வேறொன்றை எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. தொழில்முறைக் கேமர்கள் வந்துவிட்ட காலத்தில் இது பழைய யோசனை என்று நீங்கள் நினைக்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டைக் கேமின் உலகமே அறிந்த உமேஹாரா டைகோவே இருபதுகளில் கேமை விட்டு விலகி, மஹ்ஜாங் என்ற மேசை விளையாட்டை முயன்று, பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர். திரும்பி வந்து 2010-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஆதரவோடு தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். கேமால் சோறு கிடைக்கும் என்பதை அந்தச் சமூகம் நம்பத் தொடங்கியதே அண்மையில்தான், அதுவும் அரைமனதோடுதான்.

சில சொற்களில் கவனம் வேண்டும். ஒடாகு என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்ளலாம், இளையவர்கள் சிரித்து ஏற்றுக்கொள்வார்கள், பிறரைச் சொல்லாதீர்கள். நாள் முழுவதும் இணையக் கேமில் மூழ்கிக் கிடப்பவரை ஹைஜின், அதாவது உருப்படாமல் போனவர், என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கேலி செய்துகொள்வார்கள். அலுவலகத்தில் அது கேலியாகக் கேட்காது. 'வீட்டைவிட்டு வெளியே வராமல் ஹிகிகோமோரி மாதிரி ஆடினேன்' என்பதை அறவே தவிருங்கள். ஹிகிகோமோரி எனப்படும், வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டவர்கள் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் என்பது 2023-ல் வெளியான அரசுக் கணிப்பு. கேட்டுக்கொண்டிருப்பவரின் தம்பியோ மகனோ அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். கைபேசிக் கேமுக்குப் பணம் கட்டுவதை காகின் என்பார்கள். எவ்வளவு கட்டினீர்கள் என்பது சம்பளத்தைப் போல நெருங்கிய நண்பரிடம் மட்டும் பேச வேண்டிய விஷயம். அந்தக் கேம்களில் பணம் கட்டிக் குலுக்கலில் பெறும் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பரிசு என்ற ஒரு முறையை நுகர்வோர் முகமை 2012-ல் சட்டவிரோதம் என்று சொல்லும் அளவுக்கு, அதில் பணத்தை இழந்த குடும்பங்களின் கதைகள் செய்திகளில் வந்திருக்கின்றன.

பெண்கள் கேம் ஆட மாட்டார்கள் என்ற நினைப்போடு பேச்சைத் தொடங்காதீர்கள். கோயெய் நிறுவனத்தில் பெண்களைக் கொண்ட குழு, பெண் ஆட்டக்காரர்களுக்காகவே ஆஞ்செலிக் என்ற காதல் கேமை 1994-லேயே உருவாக்கிவிட்டது.

இடைஞ்சல் என்பதன் பொருள்

பிறருக்கு இடைஞ்சல் தருவதை மெய்வாகு என்பார்கள். ரயிலில் கேம் ஆடலாம், கோட் அணிந்த ஐம்பது வயதுக்காரரும் ஆடுவார். ஆனால் ஒலி வெளியே கேட்கக் கூடாது, காதொலிப்பானிலிருந்து கசியும் ஒலிக்கும் சேர்த்தே முகம் சுளிப்பார்கள். நடைமேடையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பதைக் கண்டித்து ஒலிபெருக்கி நாள் முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கும்.

நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வீட்டில்தான். ஜப்பான் நம் நாட்டைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னை நண்பர்கள் சாப்பிட்டு முடித்து இரவு ஒன்பதரைக்கு ஆட உட்கார்ந்தால், அங்கே உங்களுக்கு நள்ளிரவு ஒரு மணி. மெல்லிய சுவர் கொண்ட அடுக்கு வீட்டில் மைக்கைப் பிடித்து 'டேய், பின்னாடி பாருடா!' என்று நீங்கள் கத்துவது மூன்று வீடுகளுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சண்டைக்கு வர மாட்டார். ஒருநாள் காலையில் மின்தூக்கியின் உள்ளே, 'இரவு 10 மணிக்கு மேல் உரத்த பேச்சைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று வீட்டு எண் எதையும் குறிப்பிடாத மிகப் பணிவான அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நான் அதைப் படித்து, யாரோ பாவம் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது முறை அதே அறிவிப்பு என் தபால் பெட்டிக்குள்ளேயே வந்து கிடந்தது. ஆகவே, இந்தியாவோடு சேர்ந்து ஆடுவதென்றால் வார இறுதியின் பகல் பொழுதை ஒதுக்குங்கள். இரவில் ஆடித்தான் தீர வேண்டும் என்றால் பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் சென்டருக்குள்

மற்ற இடங்களில் அடக்கி வாசிக்கும் ஜப்பானியர் கொஞ்சம் கைகாலை நீட்டிக்கொள்ளும் இடம் கேம் சென்டர். கேசென் என்று சுருக்கிச் சொல்வார்கள். அங்கேயும் எழுதாத விதிகள் இருக்கின்றன. பெரும்பாலான கருவிகளுக்கு 100 யென் நாணயம் வேண்டும். மூலையில் நாணயம் மாற்றும் இயந்திரம் இருக்கும். ஆடாமல் சில்லறை மட்டும் மாற்றிக்கொண்டு போவதற்கு அனுமதியில்லை என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது, தோற்ற பிறகு எழாமல் அடுத்த நாணயத்தைப் போடுவதை ரென்கோ என்று சொல்லி வெறுப்பார்கள். எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடி காத்திருக்க வேண்டும். கோபத்தில் பலகையைக் குத்துவதற்கு தாய்பான் என்று பெயர். இது இரண்டாவது முறை நடந்தால் ஊழியர் வந்து நிற்பார்.

சண்டைக் கேம்களின் இருக்கை அமைப்பைக் கவனியுங்கள். இரண்டு கருவிகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்திருப்பார்கள். நீங்கள் ஒருபுறம், எதிராளி மறுபுறம், நடுவில் இரண்டு திரைகள். யாரோடு மோதுகிறோம் என்று தெரியாமலேயே அரைமணி நேரம் ஆடிவிடலாம். மறுபுறம் எட்டிப் பார்த்து, வென்றேன் என்று கையசைப்பது நம் ஊரில் நட்பு. அங்கே அது வம்பு. நான்கைந்து வாரங்கள் அதே நேரத்தில் அதே கருவிக்குப் போய் வந்த பிறகு, வெளியே பானம் விற்கும் இயந்திரத்தின் அருகே அவரே தலையசைப்பார். அதுவரை பொறுத்திருங்கள்.

பொம்மையைக் கொக்கியால் தூக்கும் கருவியில் பொருள் மூலையில் சிக்கிக்கொண்டால் ஊழியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். திறந்து, எடுக்கத் தோதாக நகர்த்தி வைப்பார். இப்படிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி கிடையாது. 16-க்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி மாலை 6 மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி டோக்கியோவில் இருக்கிறது. இளமையான முகம் உள்ளவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கேம் கைமீறிப் போகிறது என்று உங்களுக்கோ உடன் தங்கியிருப்பவருக்கோ தோன்றினால், மருத்துவரிடம் போவது அங்கே அவமானமான காரியம் அல்ல. யோகோசுகாவில் உள்ள குரிஹாமா மருத்துவமனை 2011-லேயே இணைய அடிமைத்தனத்துக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டது.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போகும்போது

உடன் பணிபுரிபவர் வீட்டுக்கு அழைத்தால், நீங்கள் கேம் ஆடுவீர்கள் என்ற செய்தி அந்த வீட்டுப் பிள்ளையின் காதுக்கு முன்பே போயிருக்கும். செருப்பைக் கழற்றும் முன்பே ஸ்விட்ச் என்ற கேம் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அவன் கேட்டவுடன் கன்ட்ரோலரை வாங்கிவிடாதீர்கள். 'இன்றைக்கு இன்னும் எவ்வளவு நேரம் மீதி இருக்கிறது?' என்று தாயிடம் கேளுங்கள். வீட்டுப்பாடம் முடிந்ததா என்பதையும் அவர் அப்போது சொல்லிவிடுவார். உங்கள் சார்பில் கேம் ஒன்றைப் பரிசாக வாங்கிப் போவதும் வேண்டாம். கேம் வாங்குவது அங்கே பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும், புத்தாண்டில் பெரியவர்கள் உறையில் போட்டுத் தரும் பணத்துக்குமாக ஒதுக்கிவைத்த பேரம். நடுவில் நீங்கள் நுழைந்தால் பெற்றோர் பல மாதங்களாகக் கட்டிக் காத்த ஒப்பந்தம் உடைந்துவிடும். பழமோ இனிப்போ கொண்டுபோங்கள். ஆடும்போது பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள், ஏழு வயதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நேரம் முடிந்து சமையலறைக் கடிகாரம் ஒலித்ததும் கன்ட்ரோலரை முதலில் கீழே வைப்பவர் நீங்களாக இருங்கள். ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ள ஒரு நிமிடம் கேட்டால் மட்டும் அம்மா பெரும்பாலும் தந்துவிடுவார்.